பச்சைத் துணி விரித்த அறை

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல், பொதட்டூர்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. நெசவுக்குப் பேர்போன ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும். அந்த ஊர் நெசவாளர் ஒருவரைப் பழைய காலத்துக் கிளப் ஒன்றின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அழைத்துக்கொண்டு போனால் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? பந்தைப் பார்க்கமாட்டார், கோலைத் தொடமாட்டார். நேரே மேஜையண்டை போய், அதன்மேல் இழுத்துக் கட்டியிருக்கும் பச்சைத் துணியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். “பருத்தி இல்லை, ஆட்டு ரோமம்” என்று சொல்லிவிடுவார்.

சரியாகத்தான் சொல்லுவார். பில்லியர்ட்ஸ் மேஜைத் துணி கம்பளி ரோமத்தில் நெய்தது. அதன் இழை ஒரே திசையில் படிந்திருக்கும். வீட்டில் வெல்வெட் துணி இருந்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், மறுபக்கமாகத் தடவினால் முரண்டு பிடிக்கும். மேஜைத் துணியும் அப்படித்தான். இழையின் போக்கில் மெதுவாக ஓடுகிற பந்து ஒரு தினுசாகவும், எதிர்ப்போக்கில் ஓடுகிற பந்து வேறு தினுசாகவும் லேசாக வளைந்துகொள்ளும். இந்தச் சூட்சுமம் தெரியாதவன் எத்தனை நன்றாகக் குறி பார்த்தாலும் கடைசி அரை அடியில் ஏமாந்துபோவான்!

பச்சை நிறம் ஏன்? இந்த ஆட்டமே முதலில் புல்தரையில் ஆடியதுதான். ஐரோப்பாவின் குளிருக்கும் மழைக்கும் பயந்து பிரபுக்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, புல்லுக்குப் பதிலாகப் பச்சைத் துணியை விரித்தார்கள். பிரான்ஸ் தேசத்து அரசன் பதினோராம் லூயி 1470-ல் இப்படி ஒரு மேஜை வாங்கியதாகக் கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து ராணி மேரி சிறையில் இருந்தபோது, தன் பில்லியர்ட்ஸ் மேஜையைப் பறித்துக்கொண்டார்கள் என்று 1576-ல் மனம் வருந்திப் புகார் எழுதினாளாம். ஆகவே வாசகியரே, “இது ஆண்பிள்ளைகளின் ஆட்டம்” என்று யாராவது சொன்னால், அரசி ஒருத்தி இதற்காகக் கண்ணீர் வடித்த கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

இப்போது அறைக்குள் வாருங்கள். (அந்தக் காலமாக இருந்தால் உங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.)

உள்ளே நுழைந்ததும் முதலில் இருட்டு. கண் பழக வேண்டும். ஜன்னல்களுக்குத் திரை போட்டிருக்கும். அறை நடுவே, உத்தரத்திலிருந்து நீளமான விளக்குக் கூண்டு ஒன்று தாழத் தொங்கும். வெளிச்சம் முழுவதும் மேஜைமேல் விழும். ஆடுகிறவரின் முகத்தில் விழாது. குனிந்து குறி பார்க்கும்போதுதான் முகம் வெளிச்சத்துக்கு வரும். நிமிர்ந்தால் மறுபடி நிழலுக்குள் போய்விடும். சுவரோரமாகச் சற்று உயரமான மேடை. அதன்மேல் தோல் தைத்த நீள சோபாக்கள். பார்க்க வந்தவர்கள் அதில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடிப்பார்கள். புகை விளக்கடியில் சுருள் சுருளாக மிதக்கும். ஒரு சுவரில் கோல்களை நிறுத்தி வைக்கும் சட்டம். சில அங்கத்தினர்களுக்குச் சொந்தக் கோல். அதைத் தகரக் குழாயில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். எதிர்ச் சுவரில் கணக்குப் பலகை. மெருகு ஏறிய மரம், பொன்னெழுத்தில் எண்கள், அவற்றின்மேல் தள்ளிக்கொண்டே போகிற சிறு முள்.

சத்தம் என்றால் மூன்றே மூன்றுதான். கோல்முனையில் சாக்கைத் தேய்க்கிற கிறீச்சொலி. பந்தும் பந்தும் முத்தமிட்டுக்கொள்கிற ‘டொக்’. பிறகு, வலைப்பையில் பந்து விழும்போது வருகிற மெத்தென்ற ஒலி. யாரும் கைதட்டமாட்டார்கள். பிரமாதமான அடி என்றால் கோலின் அடிக்கட்டையால் தரையில் இரண்டு தடவை தட்டுவார்கள். அவ்வளவுதான் பாராட்டு.

மேஜை சாமானியமானதல்ல. 12 அடி நீளம், 6 அடி அகலம். மேலே துணி; துணிக்கு அடியில் மரம் இல்லை, சிலேட்டுக் கல்! குழந்தைகள் ‘அ, ஆ’ எழுதப் பழகினார்களே, அதே ஜாதிக் கல்தான். மரப்பலகை வெயிலுக்கும் மழைக்கும் கோணிக்கொள்ளும்; கல் கோணாது. லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்ற மேஜைக்காரர் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் கல்லுக்கு மாறினார். ஐந்து பாளங்களை மயிரிழை இடைவெளி தெரியாமல் சேர்ப்பார்கள். எடை ஒரு டன்னுக்கு மேல். எட்டுக் கால்கள் தாங்க வேண்டும். ஒரு தடவை போட்ட மேஜையை நகர்த்துவதென்றால் வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரிதான். பழைய கிளப்புகளில் எல்லாம் மாறினாலும் இந்த ஒரு சாமான் மட்டும் நூறு வருஷமாக அசையாமல் நின்றதற்குக் காரணம் பக்தி அல்ல, பாரம்!

பந்தின் கதை இன்னும் விசேஷமானது. முன்னாளில் அது யானைத் தந்தம். அதிலும் கண்ட தந்தம் உதவாது. தந்தத்தின் நடுவே ஓடும் நரம்புக்கண் பந்தின் நட்டநடுவில் வரவேண்டும். இல்லாவிட்டால் பந்து நொண்டும். ஒரு தந்தத்தில் நாலைந்து நல்ல பந்து தேறினால் அதிகம். ஆட்டம் பரவப் பரவ யானைகளின் கதி என்ன ஆகும்? 1860-களில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் சாமான் செய்கிறவர்களே கவலைப்பட்டு, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்குப் 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் முயற்சியில் இறங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் செல்லுலாயிட். ஹயட் செய்த பந்துகள் சில சமயம் பலமாக மோதினால் ‘பட்’டென்று சின்னதாக வெடிக்குமாம். “பந்து வெடிக்கிறபோதெல்லாம் என் மதுக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள்” என்று கொலராடோவிலிருந்து ஒரு கடைக்காரர் கடிதம் எழுதினார் என்று ஹயட்டே சொல்லியிருக்கிறார்.

பந்துக்கு அது அத்தனை பொருத்தமாக அமையவில்லை. ஆனால் சீப்பானது, பொம்மையானது, சினிமாப் படச்சுருளும் ஆனது. உங்கள் பாட்டி தலைவாரிக்கொண்ட செல்லுலாயிட் சீப்பு, எங்கோ ஒரு பில்லியர்ட்ஸ் ஹாலின் தேவைக்காகப் பிறந்த குழந்தை! அந்த ஹாலுக்குள் பாட்டியை விட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த அறையில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவர் ‘மார்க்கர்’. கணக்குப் பலகையண்டை நின்று, ஒவ்வொரு அடிக்கும் எத்தனை புள்ளி என்று சொல்லி, முள்ளைத் தள்ளுகிற ஊழியர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து துணியைத் துலக்குவார். பிறகு அதற்கென்றே உள்ள கனமான இஸ்திரிப்பெட்டியை, இழையின் போக்கிலேயே, ஒரு கோடிமுதல் மறுகோடிவரை இழுப்பார். எதிர்ப்பக்கம் இழுத்தால் துணி பாழ். கோல்முனைத் தோல் தேய்ந்தால் புதுத் தோல் ஒட்டுவார். விழுந்த பந்தை எடுத்து வைப்பார். எட்டாத அடிக்குத் தாங்குகோலை நீட்டுவார். ஆட ஆள் கிடைக்காத அங்கத்தினருக்குத் தாமே எதிராளியாக நிற்பார்.

தினமும் பத்து மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு ஆட்டம் கைவராமல் என்ன செய்யும்? அநேகக் கிளப்புகளில் ஆட்டத்தில் கைதேர்ந்தவர் அங்கத்தினர் பட்டியலில் இருக்கமாட்டார். கணக்குப் பலகையண்டை வெள்ளை உடுப்பில் நிற்பார். துரைக்கும், ஜட்ஜுக்கும், ஜமீன்தாருக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர்களிடம் எந்த இடத்தில், எவ்வளவு நாசூக்காகத் தோற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்! அவர் பெயர் எந்தச் சுவரிலும் பொன்னெழுத்தில் ஏறவில்லை. பழைய ஹால்களின் அழகை நினைத்து உருகுகிறவர்கள் புகையையும் விளக்கையும் சொல்லுவார்கள். இவரைச் சொல்ல மறந்துபோவார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த அறையின் உயிர் அவர்தான்.

இனி, நம் நாட்டுக்கும் இந்த மேஜைக்கும் உள்ள தனி உறவுக்கு வருவோம். இன்று உலகமெங்கும் டெலிவிஷனில் காட்டுகிறார்களே ‘ஸ்னூக்கர்’, அது பிறந்தது இந்தியாவில். வளர்ந்து பெயர் வைத்துக்கொண்டு விதிமுறை எழுதிக்கொண்டது நம் ஊட்டியில்!

1875-ம் வருஷம். ஜபல்பூரில் மழைக்காலம். ஆங்கிலப் படை அதிகாரிகளுக்கு வெளியே போக வழியில்லை. பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றியே பொழுது போயிற்று. நெவில் சேம்பர்லேன் என்று பத்தொன்பது வயது இளைஞன். (பிற்காலத்தில் குடையும் கையுமாக ஹிட்லரைப் பார்க்கப் போன பிரதம மந்திரி இவரல்ல, பெயர்தான் ஒன்று.) பதினைந்து சிவப்புப் பந்துகளை வைத்து ஆடுகிற பழைய ஆட்டத்தில் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்தால் என்ன என்று இவருக்குத் தோன்றியது. சேர்த்து ஆடிப் பார்த்தார்கள். ருசித்தது. ஒரு நாள் விருந்துக்கு வந்த அதிகாரி ஒருவர், இங்கிலாந்தின் ராணுவப் பள்ளியில் முதல் வருஷ மாணவனை ‘ஸ்னூக்கர்’ என்று கேலியாக அழைப்பார்கள் என்று சொன்னார். நம் பாஷையில் ‘கத்துக்குட்டி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மிகச் சுலபமான பந்தைத் தவறவிட்டார். “சுத்த ஸ்னூக்கர் ஐயா நீர்!” என்றார் சேம்பர்லேன். சொன்னவுடன் அவர் மனம் புண்பட்டுவிடக்கூடாதே என்று, “இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தானே!” என்று சமாதானமும் சொன்னார். ஆட்டத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு சேம்பர்லேன் ஆப்கானிஸ்தான் யுத்தத்தில் காயம்பட்டார். ஜெனரல் ராபர்ட்ஸ் 1881-ல் சென்னைப் படைக்குத் தளபதியானபோது அவருடன் வந்து, கோடைதோறும் ஊட்டி வாசம். ஊட்டி கிளப் கட்டிடம் 1830-களில் ஸர் வில்லியம் ரம்போல்ட் எழுப்பியது. 1841-ல் கிளப் ஆயிற்று. அதன் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1880-களில் ஸ்னூக்கர் விதிகளை எழுதித் தொங்கவிட்டார்கள். இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்ஸ் 1885-ல் கல்கத்தாவுக்கு வந்தபோது, கூச்பிஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்துகொண்டு போனார். நீலகிரிக் குளிரில் தயாரான சரக்கு இப்படித்தான் கப்பலேறியது.

அமெரிக்காவிலே கதை வேறு. அங்கே ‘பூல்’ ஹால் கிளப்பில் இல்லை, கடைத்தெருவில் இருந்தது. குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கூட்டுகிற இடத்துக்குத்தான் முதலில் ‘பூல் ரூம்’ என்று பெயர். பந்தய முடிவு வரும்வரை ஆட்கள் கலைந்து போகாமலிருக்க அங்கே மேஜைகளைப் போட்டார்கள். ஆகவே ஆட்டத்துக்குச் சூதாட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1961-ல் வந்த ‘தி ஹஸ்ட்லர்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மங்கலான ஹாலும் விடிய விடிய நடக்கிற ஆட்டமும் ஞாபகம் இருக்கும். அங்கே தாய்மார்கள் பிள்ளைகளைத் தடுத்தார்கள். இங்கே தாய்மார்களையே தடுத்தார்கள்!

ஆமாம், அந்த வாசல் விஷயத்தைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆங்கிலேயப் பெரிய வீடுகளில் பில்லியர்ட்ஸ் அறை என்பது ஆண்களின் பகுதி. புகைபிடிக்கிற அறையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். இங்கே வந்த துரைமார்கள் அந்த வழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். 1832-ல் தோன்றிய மெட்ராஸ் கிளப்பில் வெகு காலம் இந்தியர்களுக்கே அனுமதி இல்லை. அதனால் நம்மவர்கள் 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்களிலும் பெண்களுக்கு வெளி வராந்தாதான். சில கிளப்புகளில் பெண்கள் உட்காரத் தனியாக ஒரு சிறு கட்டிடம் இருந்தது. அதற்கு அந்தக் கனவான்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘முர்கி கானா’. கோழிக்கூடு! கணவன்மார் உள்ளே கோலைப் பிடித்துக் குனிந்திருப்பார்கள். மனைவிமார் கோழிக்கூட்டில் எலுமிச்சம் சர்பத்தைக் குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

காரணம் கேட்டால், “துணியைக் கிழித்துவிடுவார்கள்” என்பார்கள். இந்தச் சாக்கு மிகப் பழையது. ஆதியில் எல்லோருமே தட்டையான தலையுள்ள ஒரு தள்ளுகட்டையால்தான் பந்தைத் தள்ளினார்கள். பிறகு கூர்மையான கோல் வந்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கோல்முனையில் தோலை ஒட்டினார். பந்தைச் சுழலவைத்து வேடிக்கை காட்ட முடிந்தது. ஆண்கள் கோலுக்கு மாறினார்கள். பெண்களுக்கு மட்டும் அதற்குப் பிறகும் வெகு நாள் அந்தத் தள்ளுகட்டையையே கொடுத்தார்கள். துணி கிழிந்துவிடுமாம்! அடுப்பில் கொதிக்கிற எண்ணெயில் கை சுடாமல் ஜாங்கிரி பிழிகிற கை, பட்டுச் சேலையில் இழை பிரியாமல் பூவேலை செய்கிற கை, ஒரு கம்பளித் துணியைக் கிழித்துவிடுமாம். இந்த ஹால்களைப் பற்றி யார் எத்தனை ஏக்கத்தோடு பேசினாலும், எனக்கு இந்த ஓர் இடத்தில் ஏக்கம் அற்றுப்போகிறது.

ஆண்களிலும் வாசலைத் தாண்டுவது சிலருக்கே வாய்த்தது. அப்படித் தாண்டியவர்களில் புனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் முக்கியமானவர். 1958-ல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்றார். எந்தத் தனிநபர் ஆட்டத்திலும் இந்தியர் ஒருவர் உலகச் சாம்பியன் ஆனது அதுவே முதல் தடவை. 1964-ல் நியூஸிலாந்தில் மறுபடியும் வென்றார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. அப்போதும் நம் ஊர்களில் பெரும்பாலோர் அந்த மேஜையை நேரில் பார்த்ததில்லை.

நமக்கு இருந்தது கேரம் போர்டு. பொதட்டூர்பேட்டையானாலும் சரி, வண்ணாரப்பேட்டையானாலும் சரி, நாலு கோடுள்ள சதுரப் பலகையும் கொஞ்சம் போரிக் பவுடரும் போதும். மேஜைக்குப் பதில் டிரம் அல்லது நாற்காலி. கோலுக்குப் பதில் விரல். மூலையில் நாலு ஓட்டை. ராணியும் உண்டு. மேலே ஒரு பல்பு தாழத் தொங்கும். அந்த வெளிச்சத்தில் குனிகிற முகங்கள் கிளப்பில் குனிந்த முகங்களைப் போலவே இருக்கும். இதிலே வீட்டுக் கூடத்தில் அக்கா, தங்கை, அத்தை எல்லோரும் ஆடலாம். தெருமுனை மன்றத்தில் மட்டும் ஆடக்கூடாது என்பது எழுதாத சட்டம். சென்னை வியாசர்பாடியில் மூன்று சக்கர வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008-ல் கேரம் உலகச் சாம்பியன் ஆனார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கம் வாங்கினார்.

பச்சைத் துணி மேஜை வெளியே வந்தது 1990-களில்தான். கேபிள் டெலிவிஷனில் வெளிநாட்டு ஸ்னூக்கர் போட்டிகளைப் பார்த்த இளைஞர்களுக்கு ஆசை பிறந்தது. நகரங்களில் மாடிக்கு மாடி ஸ்னூக்கர் பார்லர்கள் கிளம்பின. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்தால் யாரும் ஆடலாம். ஏ.ஸி. உண்டு, சினிமாப் பாட்டு உண்டு, குளிர்பானம் உண்டு. கணக்கை எந்திரம் காட்டுகிறது. மார்க்கருக்கு வேலை குறைந்துபோயிற்று. அந்த நிசப்தம் போய்விட்டது. பந்து பையில் விழுகிற மெத்தென்ற ஒலியைப் பாட்டு விழுங்கிவிடுகிறது. பழைய ஆட்டக்காரர்கள் இதைச் சொல்லி வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது; அந்த அறைகளின் அமைதியில் ஒரு கோயிலின் உச்சிவேளைத் தனிமை இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாட்டு அலறுகிற ஹாலுக்குள் பெண்களும் வந்தார்கள். சென்னையில் பிறந்து பெங்களூரில் ஆடிய வித்யா பிள்ளை, 2017-ல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பெண்கள் ஸ்னூக்கர் இறுதி ஆட்டம்வரை போனார். எதிரே ஹாங்காங்கின் இங் ஆன்-யீ. பதினோரு ஆட்டம் நடந்து, ஐந்துக்கு ஆறு என்று ஒரே ஓர் ஆட்டத்தில் பட்டம் கைநழுவிப் போயிற்று. கடைசிப் பந்துகள்வரை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மனசே ஆறவில்லை.

எட்டு வருஷம் கழிந்தது. 2025 நவம்பர், கத்தார் நாட்டின் தோஹா நகரம். மற்றோர் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அதே இங் ஆன்-யீ. இன்னொரு பக்கம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், வயது 23. முதல் ஆட்டம் ஹாங்காங்குக்கு, இரண்டாவது சென்னைக்கு. மூன்றாவது ஹாங்காங்குக்கு, நாலாவது சென்னைக்கு. ஐந்தாவது ஆட்டத்தில் மேஜைமேல் பந்துகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. முடிந்தபோது கணக்கு 68-க்கு 60. அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் கோலைக் கீழே வைத்தாள். துணி எங்கும் கிழியவில்லை.